முதலிடத்தில் ஆழித்துறை

உலகத்திலேயே அதிகமாகக் குற்றம் நடக்கிற இடம் ஆழித்துறை மாவட்டம்தான் என்று செய்தி வந்தபோது, அந்த மாவட்டத்தின் குற்ற ஆவணப் பிரிவு டிஎஸ்பி கோமதிநாயகம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுவர்த்திரையில் ஓர் இளம்பெண் பதற்றமான இசைக்கு நடுவே உலக வரைபடத்தைச் சுழற்றினாள். கண்டங்கள் நகர்ந்தன, கடல்கள் நகர்ந்தன, கடைசியில் தெற்குக் கரையில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்தது.

"ஏங்க, இது நம்ம ஊருல்லா?" என்றாள் மனைவி இசக்கியம்மாள், கரண்டியும் கையுமாக.

"நம்ம ஊருதான்."

"இங்க என்ன நடக்கு? நேத்துகூட வாசக்கதவ சாத்த மறந்துட்டுத் தூங்கினேன். ஒரு பூனைகூட உள்ள வரல."

"அதான் எனக்கும் புரியல," என்றார் கோமதிநாயகம். ஆனால் அவருக்குப் புரிந்துதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் செவி.

செவி வருவதற்கு முன்னால், ஒரு புகார் பதிவாக வேண்டுமென்றால் யாராவது ஒரு மனிதர் மனம் வைக்க வேண்டும். ரைட்டருக்குத் தலைவலி இருக்கக்கூடாது, இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கக்கூடாது, எதிராளி கவுன்சிலருக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது. இத்தனையும் பொருந்தி வருவதற்குள் வந்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். நடந்தது நடக்காததாகிவிடும். செவி இதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு காவல் நிலையத்தின் பக்கவாட்டு அறையிலும் முறம் அளவுக்கு ஒரு கருப்புக் கண்ணாடி. அதன் முன்னால் நின்று பேசினால் போதும். ஊர்ப் பேச்சு அதற்கு அத்துப்படி. யார் பெயரைச் சொன்னாலும் அதன் குரல் மாறாது. குற்றத்தைக் குற்றமென்று பதியும். குற்றமில்லாததை, "இது கேஸ் இல்லம்மா, ஆனாலும் கேட்டுக்கிட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிடும். பதிந்ததை அமைச்சரே வந்தாலும் அழிக்க முடியாது. சோதனை முயற்சியாக முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம் என்று ஆழித்துறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இதிலும் ஒரு சின்ன விஷயம் இருந்தது. புகார் முடிந்ததும் செவி ஒரு கேள்வி கேட்கும். கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுக் கேட்பாரே, அதுபோல மரியாதைக்காகப் பொறியாளர்கள் சேர்த்த கேள்வி.

"வேற ஏதும் உண்டாம்மா?"

உப்பளத்தில் வேலை பார்க்கும் சுடலைவடிவு முதல்முறை வந்தது ஓர் அலுமினியப் பானை காணாமல் போனதற்காக. பானையின் நிறம், நசுங்கல், சந்தேகப்படும் ஆள் எல்லாம் சொல்லி முடித்தாள். செவி கேட்டது, வேற ஏதும் உண்டாம்மா என்று. அவள் வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். முந்தானையைத் திருகிக்கொண்டே உப்பளத்து மேஸ்திரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவன் கை எங்கெல்லாம் வரும், மறுத்தால் எத்தனை நாள் வேலை கிடைக்காது என்பதையெல்லாம் அவள் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் அதே உப்பளத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். மேஸ்திரி இப்போது சிறையில் இருக்கிறான். பானையும் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு மாவட்டம் முழுக்க வாய் திறந்துகொண்டது. கோழி, செருப்பு, மோட்டார் வயர், பஸ்ஸில் இடித்தவன், குடித்துவிட்டு அடித்தவன், நிலத்தை அளந்தபோது கல்லை நகர்த்தியவன், எல்லாம் வந்து சேர்ந்தன. எண்ணிக்கை தென்னை மரம்போல நேராக மேலே போனது. கோமதிநாயகத்தின் வேலை அந்த எண்ணிக்கையைச் சென்னைக்கு அனுப்புவது. சென்னை டெல்லிக்கு அனுப்பியது. டெல்லி உலக ஒப்பீட்டு மன்றத்துக்கு அனுப்பியது. மன்றம் எல்லா நாட்டு மாவட்டங்களையும் வரிசையாக நிறுத்தி, மேலிருந்து கீழே படித்தது. அந்த வரிசையில் கடைசி இடம், அதாவது உலகிலேயே பாதுகாப்பான இடம் என்ற பெருமை, வடக்கு ஐரோப்பாவில் பனி சூழ்ந்த லோர்விக் என்ற வட்டாரத்துக்கு. அங்கே குற்றம் பூஜ்யம்.

செய்தி வந்த வாரத்தில் ஒரு சுற்றுலாக் கப்பல் வரவேண்டியிருந்தது. துறைமுகத்தில் நாதஸ்வரம், தாம்பாளம், மாலை எல்லாம் தயார். கப்பல் கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை வந்து, சற்று நின்று, யோசித்து, திரும்பிப் போய்விட்டது. நாதஸ்வரக்காரர் பாதி ராகத்தில் நிறுத்திவிட்டு, "நம்மள பாத்தா பயந்தான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மீன் ஏற்றுமதியாளர் சங்கத் தலைவர் தொம்மை கார்வாலோ சிரிக்கவில்லை. நேராகக் கோமதிநாயகத்தின் அலுவலகத்துக்கு வந்தார்.

"என்னவே டிஎஸ்பி, உம்ம மிஷினு எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு! லாரிக்கு இன்சூரன்ஸ் குடுக்க மாட்டேங்கான். கொள்ளக்கார ஊராம். டிரைவர் இல்லாத லாரி வே அது! அதுக்கு என்ன பயம்?"

"கம்பெனி அந்தப் பட்டியலைத்தான பாக்கான். நான் என்ன செய்ய?"

"பக்கத்து மாவட்டத்துல செவி கெடையாது. அங்க பட்டப்பகல்ல என் மச்சான் கழுத்துச் சங்கிலிய எவனோ அத்துட்டுப் போனான். புகார் குடுக்கப் போனா, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்கன்னுட்டான். அந்த மாவட்டத்துக்கு அமைதி விருதாம்! அங்கயிருந்து மீனு ஜம்முன்னு போகுது. இங்க ஐஸ்ல கெடந்து நாறுது."

கார்வாலோ சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கரையில் வலைக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரிய அந்த லாரி போயாக வேண்டும்.

மறுநாள் ஆட்சியர் விதுரன் அழைத்தார். வயதில் சின்னவர், குரலை உயர்த்திப் பேசியறியாதவர்.

"சார், செவியை எடுக்கச் சொல்லலை. அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் வேண்டாமே. வந்தவங்க சொல்ல வந்ததைச் சொல்லட்டும், பதியட்டும். நாமளா ஏன் தூண்டிவிடணும்? அந்தக் கேள்வியை எடுத்தா எண்ணிக்கை பாதியாயிடும்னு கணக்குப் போட்டுச் சொல்றாங்க. மன்றத்துலேருந்து ஒரு அதிகாரி ஆய்வுக்கு வர்றாங்க. அவங்க போனதும் செஞ்சிடலாம்."

கோமதிநாயகம் தலையசைத்துவிட்டு வந்தார். யோசிக்கும்போது அது நியாயமாகவும் பட்டது. ஒரு கேள்விதானே? அலுவலகத்தை ஒட்டிய காவல் நிலையத்துக்குத் திரும்பியபோது சுடலைவடிவு வாசலில் நின்றிருந்தாள். இப்போதெல்லாம் அவள் ஏதாவது ஒரு புகாரோடு அடிக்கடி வருவாள். அன்று பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்ட விவகாரம். பேச்சுவாக்கில் கோமதிநாயகம் அந்தக் கேள்வியை எடுக்கப்போகிற விஷயத்தைச் சொன்னார்.

அவள் முகம் வாடிப்போனது. "அப்ப வர்றவ எல்லாத்தையும் மொதல்லயே சொல்லணுமோ?"

"ஆமா. சொல்லிட்டுப் போட்டும்."

"பானைய சொல்லாம அத எப்பிடி சார் எடுத்தவுடனே சொல்லுதது?"

அவர் உள்ளே போய்விட்டார்.

மன்றத்து அதிகாரி என்றதும் எல்லோரும் ஒரு வெள்ளைக்காரரை எதிர்பார்த்தார்கள். ரயிலிலிருந்து இறங்கியவள் நாற்பதுகளில் இருந்த தமிழ்ப் பெண். பெயர் துஷ்யந்தி கனகலிங்கம். பெற்றோர் யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது லோர்விக்கில்.

"அந்தப் பூஜ்ய ஊரா?" என்று கேட்டுவிட்டார் கோமதிநாயகம்.

"ஓம், அந்தப் பூச்சிய ஊர்தான்," என்று சிரித்தாள். "அதாலைதான் என்னை அனுப்பினவையோ தெரியேல்லை. உங்கட எண்ணிக்கை உண்மையோ, மிசின் பிழையோ எண்டு பார்க்க வேணும். பிழை எண்டால் பட்டியலிலை இருந்து எடுத்துப்போடுவம்."

"ஏத்திச் சொல்லியிருப்போம்னு நெனைக்கீங்களா?"

"ஐயா, நான் இருபது வருசமா இந்த வேலை செய்யிறன். ஏத்திச் சொன்ன ஊரை இன்னும் காணேல்லை."

அவள் நிலையத்தில் உட்கார்ந்து பார்க்க விரும்பவில்லை. வீடு வீடாகப் போக வேண்டும் என்றாள். ஓர் ஆட்டோவில் இருவரும் கிளம்பினார்கள். வழியில் கோமதிநாயகம் வெகுநாளாக மனதில் வைத்திருந்த சந்தேகத்தைக் கேட்டார்.

"ஏம்மா, ஒரு நாட்டையும் இன்னொரு நாட்டையும் எப்பிடி ஒப்பிடுதீங்க? சட்டமே வேற வேறல்லா?"

"அதுதானே கூத்து. இப்ப ஒருத்தன் மதில் ஏறிக் குதிச்சு ஒரு கோழியைக் களவெடுத்து, கழுத்தைத் திருகினான் எண்டு வையுங்கோ. ஒரு நாட்டிலை அது ஒரு களவு. இன்னொரு நாட்டிலை அத்துமீறி நுழைஞ்சது, களவெடுத்தது, மிருகத்தை வதைச்சது எண்டு மூண்டு. வேறொரு நாட்டிலை ஆளைப் பிடிச்சு வழக்கு முடிஞ்சால்தான் எண்ணுவினம். பிடிபடாத வரைக்கும் கோழி களவே போகேல்லை."

"நம்ம நாட்டுல?"

"உங்கட நாட்டிலை ஒரு வழக்கிலை எது பெரிய குற்றமோ அதை மட்டும் எண்ணுவினம். கோழிக்காரன் காவலாளிக்கும் அடிச்சிருந்தால் கோழி கணக்கிலை வராது. செவி மட்டும் எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுது."

"அப்ப பட்டியலே தப்புதான?"

"தப்பெண்டு அடிக்குறிப்பிலை எழுதியிருக்கிறம். சின்ன எழுத்திலை."

ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார்.

வீடுகளில் அவள் இரண்டே கேள்வி கேட்டாள். போன வருடம் உங்களுக்கு ஏதாவது நடந்ததா? நடந்தது என்றால் போலீசில் சொன்னீர்களா? மீனவர் குடியிருப்பு, பள்ளிவாசல் தெரு, உப்பளக் காலனி, வங்கி ஊழியர்களின் மாடி வீடுகள் என்று எங்கே போனாலும் ஒரே பதில். நடந்தது, சொன்னோம். சொல்லாமல் எப்படி, செவிதான் விடாதே என்றார் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒருவர்மேல் ஒருவர் கொடுத்த புகாரைப் பெருமையாகச் சொல்லி, அவளுக்கு ஒன்றாகச் சேர்ந்து காபி போட்டுக் கொடுத்தார்கள்.

மாலையில் கடற்கரையில் நடந்தபோது துஷ்யந்தி சொன்னாள்: "நாங்கள் இந்தக் கேள்வியை எல்லா நாட்டிலையும் கேக்கிறனாங்கள். நடந்ததிலை பாதியைக்கூடச் சனம் சொல்லுறேல்லை. சில ஊரிலை பத்திலை ஒண்டு. இஞ்சை கிட்டத்தட்ட எல்லாம். இப்பிடி ஒரு இடத்தை நான் காணேல்லை."

"லோர்விக்ல?"

அவள் கடலைப் பார்த்தாள். "பூச்சியம் எண்டால் அங்கை கேள்வியே கேக்கத் தேவையில்லை எண்டு முடிவு."

கிளம்புவதற்கு முன் செவியை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். கோமதிநாயகம் அறையைக் காட்டிவிட்டு விலகப் போனார். "நீங்கள் நில்லுங்கோ, சும்மா ஒரு சோதனைதானே," என்று அவள்தான் நிறுத்தினாள். கண்ணாடியின் முன்னால் நின்று, ரயிலில் குடையைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னாள். யாராவது எடுத்தார்களா, தானாகத் தொலைந்ததா, என்ன நிறம் என்றெல்லாம் செவி பொறுமையாக விசாரித்தது. பிறகு கேட்டது.

"வேற ஏதும் உண்டாம்மா?"

"இல்லை," என்றாள் துஷ்யந்தி. கைப்பையை எடுத்துக்கொண்டாள். நகரவில்லை. செவி அவசரப்படுத்தவில்லை. வெளியே யாரோ ஒருவர் தன் சைக்கிளைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்கட அப்பா ஒரு பலசரக்குக் கடை வைச்சிருந்தவர்," என்று தொடங்கினாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "லோர்விக்கிலை. ஒவ்வொரு வருசமும் முதல் பனி விழுற நாள், கடைக் கண்ணாடியை உடைப்பினம். ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தெருப் பெடியள். அடுத்த நாள் வந்து எங்களிட்டையே பாணும் பட்டரும் வாங்குவினம். சுவரிலை எழுதியும் வைப்பினம், திரும்பிப் போங்கோ எண்டு. அப்பா விடிய எழும்பிக் கண்ணாடியைக் கூட்டி அள்ளுவார். பொலிசுக்குச் சொல்லுவம் எண்டு நான் அழுவன். பெரிசாக்காதை பிள்ளை, இடம் தந்தவை, ஊர்ப் பேரைக் கெடுக்கக்கூடாது எண்டு சொல்லுவார். அஞ்சு வருசம். பிறகு கடையை வித்துப்போட்டம். இப்ப ஒவ்வொரு வருசமும் லோர்விக் பூச்சியம் எண்டு வந்த தாள் என்ர மேசையாலைதான் போகுது."

கோமதிநாயகம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைக்குட்டையை நீட்டலாமா என்று யோசித்து, நீட்டினார்.

"நடந்த இடம் நம்ம எல்லையில இல்லம்மா," என்றது செவி. "அதனால என்ன? எங்க நடந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் பதியலாம்னு சட்டம் இருக்கு. நான் பதிஞ்சு அந்த ஊருக்கு அனுப்பி வைக்கேன். அஞ்சு வருசமும் தனித்தனியா எழுதிக்கிடுதேன். வேற ஏதும் உண்டாம்மா?"

துஷ்யந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "இப்போதைக்கு இல்லை."

எப்போது நடந்திருந்தாலும் பதிந்த வருடத்துக் கணக்கில்தான் சேரும் என்பதால், லோர்விக்கின் பூஜ்யம் போய் ஐந்து என்று ஆனது. அந்த ஊர்ச் செய்திகளில் அது பெரிய பரபரப்பு. ஐந்து குற்றங்களும் இந்தியாவில் ஏதோ ஓர் ஊரில் பதிவானவை என்பதை நம்ப அவர்களுக்கு இரண்டு நாள் ஆனது. துஷ்யந்தி அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார். "கோவமா, கவலையா எண்டுகூடத் தெரியேல்லை," என்று கோமதிநாயகத்திடம் சொல்லிவிட்டு ரயிலேறினாள். அவள் முகம் அவருக்கு வெகுநாள் நினைவிலிருந்தது.

அவள் ரயிலேறிய அன்று மாலையே அவர் ஆட்சியரிடம் போய், அந்தக் கேள்வியை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தால் தன்னால் கையெழுத்திட முடியாது என்றார். இத்தனை வருட வேலையில் அவர் மேலதிகாரியிடம் முடியாது என்று சொன்னது அதுவே முதல்முறை. விதுரன் கோபப்படவில்லை. "மன்றத்து அறிக்கை வரட்டும் சார்," என்றார். அது சரி என்பதா, இல்லை என்பதா என்று தெரியாமல் கோமதிநாயகம் வீட்டுக்குப் போய் இசக்கியம்மாளிடம் புலம்பினார். "வேலைய விட்டு அனுப்பினா அனுப்பட்டும், மீன் வாங்கியாந்து குடுங்க," என்று அவள் பையை நீட்டினாள்.

அறிக்கை வந்தது. துஷ்யந்தி சுற்றி வளைத்து எழுதவில்லை. இதுவரை நாம் குற்றத்தை ஒப்பிடவில்லை, வாய் திறப்பதை ஒப்பிட்டிருக்கிறோம், அதுவும் தலைகீழாக, என்று தொடங்கியிருந்தாள். மன்றத்தில் பெரிய சண்டை நடந்தது. தங்கள் பூஜ்யங்களைப் பற்றிப் பெருமைப்பட்ட நாடுகள் எழுந்து வெளியே போயின. சில நாடுகள் பாதி வழியில் திரும்பி வந்தன. கடைசியில் பட்டியலில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்ந்தது: நடந்ததில் எவ்வளவு சொல்லப்பட்டது. சொல்லப்படும் பங்கு தெரியாத ஊரின் குற்ற எண்ணிக்கையை இனி தனியாக வெளியிடக்கூடாது என்றும் முடிவானது.

புதிய பத்தியிலும் ஆழித்துறைதான் முதலிடம். "அந்த உத்தரவு வெறும் வரைவுதான் சார், கிழிச்சுப் போட்டாச்சு," என்று ஆட்சியரே போன் செய்தார். தேநீர்க் கடைகளில் 'உலகில் முதலிடம், இரண்டு முறை' என்று பலகை தொங்கியது. லாரிகள் ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் ஒன்று வந்தது, பிறகு மூன்று, மழைக்காலம் முடிவதற்குள் பழையபடி ஆனது. கார்வாலோ ஒரு பெரிய விளமீனைத் தூக்கிக்கொண்டு கோமதிநாயகத்தின் வீட்டுக்கே வந்தார். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் தங்களுக்கும் செவி வேண்டுமென்று மறியல் செய்தார்கள். அங்கே போய்ப் பேச மூன்று வேன் பிடித்தவள் சுடலைவடிவு.

குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு பிற்பகல், கோமதிநாயகத்தின் மேசையில் வெளிநாட்டு அழைப்பு வந்தது. லோர்விக் காவல் நிலையத்திலிருந்து ஏரிக் என்ற அதிகாரி பேசினான். மொழிபெயர்ப்புக் கருவி செவியிடமிருந்து தமிழ் கற்றிருந்ததால், அவன் பேசியது திருநெல்வேலிக்காரன் பேசியது மாதிரியே காதில் விழுந்தது.

"சார், வணக்கம். ஒரு சந்தேகம் கேக்கணும். நேத்துதான் எங்க ஸ்டேஷன்லயும் செவிய மாட்டினோம். இன்னிக்கு இங்க முதல் பனி. காலையிலயே ஒரு பெரியவரு வந்து நிக்காரு. கனகலிங்கம்னு பேரு. மக சொன்னது போதாதாம், அவரே நேர்ல சொல்லணுமாம்."

கோமதிநாயகம் எழுந்து நின்றுவிட்டார். "சொல்லுங்க, சொல்லுங்க."

"அவரு கடையில அஞ்சு தடவ கண்ணாடிய ஒடச்சிருக்காவ. அது அங்கன ஏற்கெனவே பதிஞ்சிருக்கு. இப்ப இவரு சொன்னா அதையும் சேத்து எண்ணணுமா, கூடாதா? எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

"எண்ணுறத பொறவு பாப்போம். அவரு எங்க நிக்காரு?"

"வாசல்ல. அவருக்குப் பின்னால இன்னும் ஆளுக நிக்காவ. எங்க ஊரு ஆளுகளும் இருக்காவ. தெரு முக்கு வரைக்கும் வரிச போகுது."

"பனி கொட்டுதுன்னீங்களே! மொதல்ல எல்லாத்தையும் உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க."

"அவ்வளவு நாற்காலி இங்க கெடையாதே சார். இதுவரைக்கும் தேவப்பட்டதில்ல."

"பக்கத்துல கல்யாண மண்டபம் ஏதும் இருக்கா?"

கருவி கொஞ்சம் திணறியது. அந்தப் பக்கம் யாரோ யாரையோ கேட்டார்கள்.

"சர்ச்சு இருக்கு சார்."

"அங்க போய் நாற்காலி கேளுங்க. குடுப்பாவ."

ஏரிக் போனை வைக்காமலேயே ஓடியிருக்க வேண்டும். கதவு திறக்கிற சத்தம், காற்று, பனியில் பூட்ஸ் மிதிபடுகிற சத்தம் எல்லாம் கேட்டன. வெகுநேரம் கழித்து, தரையில் நாற்காலிகள் இழுபடும் ஓசை எழுந்தது. அதற்கு நடுவே ஒரு முதியவரின் குரல், கருவியின் உதவி இல்லாத தமிழில், தெளிவாகக் கேட்டது.

"விடுங்கோ தம்பி, நானும் ஒரு கதிரை தூக்கிறன்."